பத்தாம் நாளுக்காக மிச்சம் பிடிக்கும் லீவு

கொழும்பில் தனியார் கந்தோர் ஒன்றில் வேலை செய்பவருக்கு வருடத்துக்கு 21 நாள் லீவு. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் தருவது அவ்வளவுதான்: 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு. இனி, வேலைக்குப் போய்க்கொண்டே அம்மாவையோ அப்பாவையோ புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கூட்டிப் போகிறவரின் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் திட்டங்களில் ஒன்றில், மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலு கீமோ, பிறகு வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, அதற்குப் பின் 15 நாள் கரண்ட், அதாவது கதிர்ச்சிகிச்சை. இதுவே 31 நாள். சத்திரசிகிச்சை, ஸ்கேன், கிளினிக், இரத்தப் பரிசோதனை எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

அநேகமான வீடுகளில் நடப்பது இதுதான். முதல் நாலு கீமோவுக்கும் முழுநாள் லீவு போகும். இரத்தம் எடுக்க அரைநாள், ரிப்போர்ட் எடுக்க இன்னொரு அரைநாள். மூன்றாம் மாதம் கையில் ஒன்றும் இராது. அம்மாவுக்குக் காய்ச்சல் அடிக்கும் அன்று பொஸ்சிடம் கேட்க முகம் இராது. லீவு போதாது என்பது உண்மைதான். ஆனால் அதை எந்த நாளில் செலவழிக்கிறோம் என்பதிலும் பிழை இருக்கிறது. மருந்து ஏற்றும் நாள்தான் பெரிய நாள் என்று எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது கதிரையில் காத்திருக்கும் நாள். சுற்றிலும் நேர்ஸ்மாரும் டொக்டர்மாரும் நிற்கிறார்கள். ஆளில்லாத நாள்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

மூன்று வாரச் சுற்று ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். மருந்து ஏற்றும் நாளை 1 என்று வையுங்கள். முதல் மூன்று நாளும் சத்தி வராமலிருக்க ஒண்டன்செட்ரோனும் டெக்சாமெதசோனும் கொடுத்திருப்பார்கள். டெக்சாமெதசோன் ஸ்டீரொயிட் என்பதால் ஆள் தெம்பாகக்கூடத் தெரியலாம். முகம் சிவக்கும், இரவில் நித்திரை வராது. சீனி வருத்தக்காரர் என்றால் இந்த நாள்களில் சீனி எகிறும், குளுக்கோமீட்டர் வீட்டில் இருக்க வேண்டும். நாலாம், ஐந்தாம் நாள் அந்தக் குளிசை நின்றதும் ஆள் அப்படியே விழுந்துவிடுவார். கட்டிலை விட்டு எழும்ப மனமிராது. ஒண்டன்செட்ரோன் குடலைக் கட்டுவதால் மலச்சிக்கலும் அதே நாள்களில்தான் வரும். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்தென்றால் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் தாமதமாக வரும் சத்தி வேறு. ஐந்திலிருந்து பத்து வரை வாய்ப்புண். ஏழிலிருந்து பதினாலு வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும், பத்தாம் நாளை ஒட்டித்தான் பெரும்பாலும் மிகக் குறைவு. பதினைந்தாம் நாளிலிருந்து அடுத்த கீமோ வரைக்கும் வீடு கிட்டத்தட்ட வழமைக்குத் திரும்பும்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் லீவைப் பிரிக்க வேண்டும். முதலாம் நாளுக்கு மச்சானோ, ஓய்வூதியம் எடுத்த சித்தப்பாவோ போகலாம். நாலாம், ஐந்தாம் நாளில் ஒன்றுக்கு நீங்கள் லீவு போடுங்கள், அல்லது வீட்டிலிருந்து வேலை செய்யக் கேளுங்கள். எட்டிலிருந்து பதினாலு வரை லீவு எடுக்கத் தேவையில்லை. ஆனால் வெள்ளணு குறைந்த அந்த நாள்களில் திடீரென்று காய்ச்சல் வந்தால் ஓடுவதற்கு இரண்டு நாளைக் கையில் மிச்சம் வைத்திருங்கள். அந்த வாரத்தில் கொழும்பை விட்டு வெளியே வேலைப் பயணம் ஒத்துக்கொள்ளாதீர்கள், போனைச் சைலன்டில் போடாதீர்கள். மூன்றாம் வாரம் முழுவதையும் கந்தோருக்குக் கொடுங்கள். ஓவர்டைம், கணக்கு முடிப்பு, கூட்டம் எல்லாவற்றையும் அந்த வாரத்துக்குள் தள்ளுங்கள். “இரண்டு வாரம் நான் இலேசாக இருப்பேன், மூன்றாம் வாரம் உங்களுக்கு முழுசாக நிற்பேன்” என்று தேதியோடு சொல்கிறவருக்கு முதலாளி இரங்குவதற்கு வாய்ப்பு அதிகம். “எப்ப என்ன நடக்குமெண்டு தெரியாது” என்று சொல்பவரை எந்த ரோஸ்டரிலும் போட முடியாது.

முதலில் சொன்ன பன்னிரண்டு தடவையும் வாராவாரம் ஏற்றும் பக்லிடாக்செல் என்ற மருந்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெள்ளணு அவ்வளவாக விழாது. கை கால் விறைப்புத்தான் மெல்ல மெல்லக் கூடும், சட்டைப் பொத்தான் போட முடியாமலும் செருப்புக் கழன்றுபோவது தெரியாமலும் ஆகும். ஒவ்வாமை வருவதென்றால் பெரும்பாலும் முதலாவது அல்லது இரண்டாவது தடவை மருந்து ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும். அந்த இரண்டு நாளுக்கும் நீங்களே போங்கள். மிச்சப் பத்துக்கும் வேறு ஆளை அனுப்பலாம்.

லீவை வீணாக்கும் இன்னொன்று, தள்ளிப்போகும் கீமோ. இரத்தத்தில் நியூட்ரொபில் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கை போதாவிட்டால் (பல திட்டங்களில் 1.0 அல்லது 1.5 என்பது எல்லை) அன்று மருந்து ஏற்ற மாட்டார்கள், ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். நீங்கள் போட்ட முழுநாள் லீவு அதோடு போய்விடும். கீமோவுக்கு முதல் நாளோ அதற்கு முதல் நாளோ, கந்தோருக்குப் போகும் முன் காலையில் வீட்டுக்குப் பக்கத்து லாப் ஒன்றில் எவ்.பீ.சி. (முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை) கொடுத்தால் பின்னேரம் ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதற்கு நேரத்தோடு திறக்கும் இடங்கள் இருக்கின்றன. வெளி லாப் ரிப்போர்ட்டை உங்கள் கிளினிக் ஏற்குமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். கந்தோரில் லீவு கேட்கும்போதும் ஒரு தேதியைக் கொடுக்காமல், “14ஆம் திகதி, தள்ளிப்போனால் 21” என்று இரண்டு தேதியாகக் கொடுங்கள். ஒரு தள்ளலோடு அடுத்த சுற்று எல்லாம் நகரும். அதனால் ஆறு மாதத்துத் தேதிகளை ஒரேயடியாக எழுதிக் கொடுப்பதில் பிரயோசனம் இல்லை.

சிலருக்கு வெள்ளணுவைக் கூட்ட பில்கிராஸ்டிம் ஊசி எழுதுவார்கள். கீமோ முடிந்து 24 மணித்தியாலம் கழித்துத்தான் அதைத் தொடங்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், பிரீசருக்குள் வைத்தால் ஊசி பழுது. வயிற்றுத் தோலுக்குக் கீழே போடும் சின்ன ஊசிதான். நேர்ஸ் ஒருவரிடம் இரண்டு தடவை பார்த்துப் பழகினால் கந்தோரால் வந்து நீங்களே போடலாம், அதற்காக லீவு வேண்டாம்.

இனி காய்ச்சல். எல்லாவற்றிலும் முக்கியமானது இது. கீமோ எடுக்கும் ஒருவருக்கு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹைட் ஒரு தடவை காட்டினாலே ஆஸ்பத்திரி, இரவு இரண்டு மணியானாலும் சரி. வெள்ளணு இல்லாத உடம்பில் கிருமி பரவ ஒரு இரவு போதும். வந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நரம்பு வழியாக அன்டிபயோட்டிக் ஏற்றுவதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. கொழும்பில் இந்த இடத்தில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. காய்ச்சல் என்றதும் டெங்கு நினைவுக்கு வருகிறது. பனடோல் கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்து, “மூண்டாம் நாள் இரத்தம் பாப்பம்” என்று பக்கத்து வீட்டு அன்ரி சொல்வார். மற்றவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். கீமோ எடுப்பவருக்கு அந்த மூன்று நாள் உயிரைக் குடிக்கும். பனடோல் கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. அளந்து பார்க்கும் முன் பனடோல் கொடுக்காதீர்கள். வீட்டில் பகலில் நிற்பவருக்கு இதை எழுதிக் கொடுத்து, தேர்மோமீட்டர் செல்சியசில் காட்டுகிறதா பாரன்ஹைட்டில் காட்டுகிறதா என்பதையும் காட்டிவிடுங்கள். கக்கத்தில் வைத்தால் வாயில் வைப்பதைவிட அரைப் பாகையளவு குறைத்துக் காட்டும். காய்ச்சலே இல்லாமல் நடுக்கம் மட்டும் வந்தாலும் கிளம்ப வேண்டியதுதான்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் அது மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும் என்று நினைக்காதீர்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கமென்றால் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். அங்குள்ள டொக்டருக்கு உங்கள் அம்மாவைத் தெரியாது. அதனால் கடைசிக் கீமோ நடந்த தேதி, மருந்துகளின் பெயர், ஒவ்வாமை, சீனி பிரசர் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரே கடதாசியில் எழுதி, டயக்னோசிஸ் கார்ட்டின் கொப்பியோடு சேர்த்து வீட்டு வாசலில் கொழுவியிருக்க வேண்டும். உள்ளே போனதும் சொல்ல வேண்டிய முதல் வசனம், “கீமோ எடுத்து இத்தனையாம் நாள், காய்ச்சல்.” சிங்களத்தில் என்றால், “கீமோ துன்னே தவஸ் தஹயகட்ட கலின், தென் உண தியெனவா” (பத்து நாளுக்கு முன் கீமோ கொடுத்தது, இப்போது காய்ச்சல்). இதை வீட்டில் நிற்கும் எல்லோரும் மனப்பாடம் செய்வது நல்லது.

மொழி பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் கிளினிக் நாளெல்லாம் லீவு போடுவதற்கு உண்மையான காரணம், அம்மாவுக்கு நடக்க முடியாது என்பதல்ல, சிங்களம் தெரியாது என்பதுதான். அப்பாவைக் கூட்டிப் போக மருமகன் இருந்தாலும், டொக்டர் கேட்பதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். இந்தத் தேவையைப் பாதியாகக் குறைக்கலாம். கிளினிக் கொப்பிக்குள் ஒரு தாள் வையுங்கள். போன தடவைக்குப் பிறகு என்ன நடந்தது என்று நாலைந்து வரி ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ: எத்தனை நாள் சத்தி, எத்தனை நாள் வயிற்றோட்டம், எவ்வளவு நிறை குறைந்தது, எந்தக் குளிசை முடிந்தது. கீழே மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பதில் எழுத இடம். டொக்டர்மார் பேசுவதைவிட வேகமாக வாசிப்பார்கள், தாளில் பதில் எழுதியும் தருவார்கள். கூடப் போகிறவர் அந்த நேரம் உங்களுக்கு அழைத்து ஸ்பீக்கரில் போடலாம், ஆனால் முதலில் டொக்டரிடம் கேட்டுவிட்டு. மூன்று நிமிடம் கந்தோர் மாடிப்படியில் நின்று பேசுவதற்கு யாரும் லீவு கேட்க மாட்டார்கள். ஸ்கேன் முடிவு சொல்லும் நாள், சிகிச்சையை மாற்றும் நாள், சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் நாள், இந்த மூன்றுக்கும் மட்டும் நீங்களே நேரில் நிற்க வேண்டும். தாளும் போனும் அங்கே போதாது.

கந்தோரில் யாரிடம், எப்போது சொல்வது? வருத்தம் என்னவென்று உறுதியான அந்த வாரமே, உங்கள் நேர் அதிகாரியிடமும் எச்.ஆரிடமும். முதலில் வாயால், அன்றே ஈமெயிலால். நோயாளியின் முழுக்கதையும் அங்கே தேவையில்லை. சிகிச்சை எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த வாரம் நீங்கள் முழுசாக இருப்பீர்கள், எந்த வாரம் திடீரென்று போக நேரலாம், அப்போது உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்பது போதும். அந்த “யார்” என்ற பெயரை நீங்களே அவரோடு பேசி முடித்துவிட்டுக் கொண்டுபோங்கள். அமய லீவு சொந்த அலுவலுக்கும் சுகயீனத்துக்கும் வேறு நியாயமான காரணத்துக்கும் என்றுதான் சட்டம் சொல்கிறது. தாயின் சிகிச்சை அதற்குள் அடங்கும், கெஞ்ச வேண்டிய விடயமல்ல. தனக்குச் சுகமில்லை என்று காசுக்கு வாங்கிய மெடிக்கலைக் கொடுத்து லீவு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பிடிபட்டால் அது ஒழுக்கக் குற்றமாகும். உண்மையான காரணம் கையில் இருக்கும்போது பொய்க்காரணம் எதற்கு?

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவர்களின் நிலைதான் மோசம். முதல் வருடத்தில் வருடாந்த லீவு எடுக்க முடியாது, இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் அமய லீவு மட்டும். அவர்கள் முதல் நாளிலிருந்தே சம்பளமற்ற லீவைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். அரச ஊழியருக்குத் தாபன விதிக்கோவையின்படி 21 அமய லீவும் 24 ஓய்வு லீவும் உண்டு, சோட் லீவும் உண்டு, ஓரளவு சமாளிக்கலாம். சிகிச்சை ஒக்டோபரில் தொடங்கினால் ஒரு சின்ன வசதி: இரண்டு வருடத்து லீவும் கைக்கு வரும். இந்த வருட அமய லீவு டிசம்பரோடு காலாவதியாவதால் அதை முதலில் தீர்த்து, வருடாந்த லீவைத் தை மாதத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேளுங்கள்.

கடுமையான மாதங்களில் “வேலையை விட்டுவிடுகிறேன்” என்ற எண்ணம் வரும். விட வேண்டிய நிலை சிலருக்கு உண்மையிலேயே வரும், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடிதம் எழுதுமுன் சில தேதிகளைப் பாருங்கள். 15 பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள நிறுவனத்தில் 5 வருடம் முடித்தால்தான் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை: மாதச் சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். நாலு வருடமும் பத்து மாதமும் ஆனவர் அன்று விலகினால் அந்தக் காசு கைநழுவும். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு, விலகினாலும் சாதாரணமாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வரை பூட்டில்தான். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) மட்டும் வேலை விட்டதும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். வேலையோடு வந்த மருத்துவக் காப்புறுதி அன்றோடு நிற்கும். புதிய வேலையில் கிடைக்கும் காப்புறுதி, ஏற்கனவே இருக்கும் நோயைப் பெரும்பாலும் விலக்கித்தான் வைக்கும்.

அதனால் விலகுவதற்கு முன், மூன்று மாதம் சம்பளமற்ற லீவு கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்: பதவி இருக்கும், காப்புறுதி தொடரும், சேவைக்காலம் முறியாது. நோ-பே மாதங்களில் ஈ.பி.எஃப். விழாது என்பதையும் கணக்கில் எடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து, சேவையைக் கைவிட்டதாக எழுதிவிட அது போதும். ஆஸ்பத்திரியில் இருந்தாவது ஒரு ஈமெயில், முடியாவிட்டால் வாட்ஸ்அப், அதன் ஸ்கிரீன்ஷொட். மாறாக, “நீங்களே விலகிவிடுங்கள்” என்று ஒரு கடிதத்தை நீட்டினால் அன்றே கையெழுத்து வைக்காதீர்கள். 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை ஒழுக்கக் குற்றம் இல்லாமல் நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. அவர்கள் கேட்கும் கையெழுத்துத்தான் அந்தச் சம்மதம். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

காசைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், ஓட்டோவும் சத்துணவும் வெளியே எடுக்கும் ஸ்கேனும் இலவசமல்ல. சனிக்கிழமையில் ஏற்றலாம், லீவு மிச்சம் என்று முழுக் கீமோவையும் தனியாரில் தொடங்கி, நாலாவது தடவையில் காசு முடிந்து அரச கிளினிக்குக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். மாறும் இடைவெளியில் வாரங்கள் போகும், அந்த வாரங்கள் விலை மதிப்பானவை. கடைசி வரைக்குமான காசு இன்றே கையில் இல்லையென்றால் மஹரகம அபேக்ஷாவிலேயே தொடங்குங்கள், ஏதாவது ஆறுதலாகப் பேச வேண்டுமென்றால் அதே நிபுணரைப் பின்னேரத்தில் ஒருமுறை தனியாரில் சனல் பண்ணுங்கள். சனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்குள் அதற்கென்று ஒரு நாள் அலைய வேண்டியதில்லை. ஈ.பி.எஃப். இல் 10 வருடப் பங்களிப்பும் குறைந்தது 3 லட்சம் ரூபா மீதியும் இருந்தால் வீடு, மருத்துவத் தேவைக்கு 30 வீதம் வரை எடுக்க வழியுண்டு. யாருடைய சிகிச்சைக்கு, என்னென்ன பத்திரத்தோடு என்பதைத் திணைக்களத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். பயொப்சி ரிப்போர்ட்டின் மூலப்பிரதியை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். கொப்பி பத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் பிடிக்கும் வாரங்கள் வேறு மாதிரி. சனி, ஞாயிறு, விடுமுறை தவிர்த்துத் தினமும் போக வேண்டும். மெசினில் படுப்பது பத்துப் பதினைந்து நிமிடம், காத்திருப்பதுதான் நீளம். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு 33 அல்லது 35 தடவை, அதாவது ஏழு வாரம். இவ்வளவுக்கும் லீவு எடுக்க எந்தக் கந்தோரிலும் முடியாது. முதல் இரண்டு வாரமும் நோயாளி பெரும்பாலும் தானாகவே நடந்து போய் வருவார், நம்பிக்கையான ஓட்டோக்காரர் ஒருவரை மாதக்கணக்கில் பேசிவிட்டால் போதும். வாரத்தில் ஒரு நாள் டொக்டர் பார்ப்பார், நீங்கள் அந்த நாளுக்குப் போங்கள். நேரம் கொடுக்கும் மேசையில், கூட்டிவருபவர் வேலைக்குப் போகிறவர் என்று சொல்லி முதல் நேரத்தையோ கடைசி நேரத்தையோ கேட்டுப் பாருங்கள். மெசின் பழுதாகும் நாள் நிச்சயம் வரும், ஒரு வாரம் கூட்டியே கணக்குப் போடுங்கள். வாய்ப்புண்ணும் தோல் எரிவும் மூன்றாம் வாரம் தொடங்கி, கடைசிக் கரண்டுக்குப் பிறகும் இரண்டு வாரம் கூடிக்கொண்டுதான் போகும். “முடிஞ்சுது” என்று அடுத்த திங்கட்கிழமையே முழுநேர வேலைக்கு ஒத்துக்கொள்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

வாய்ப்புண்ணுக்குக் கொதித்து ஆறிய ஒரு லீட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. நாளைக்கு ஆறு தடவை கொப்பளிக்க வேண்டும், தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். விழுங்கவே முடியாமல் போனால் மூக்கால் குழாய் போடுவார்கள். வெற்றிலை போட்ட தலைமுறை ஆண்கள் உள்ள வீடுகளில் இது அபூர்வமல்ல, இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் பகுதிப் புற்றுநோய்தான். குழாய் உணவு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 250 மில்லிலீட்டர் அளவில். காலை 5.30க்குத் தொடங்கினால் 8.30, 11.30, 2.30, 5.30, இரவு 8.30. நடுவிலுள்ள நாலில் குறைந்தது மூன்று நீங்கள் கந்தோரில் இருக்கும் நேரம். ஆகவே பகலில் நிற்பவருக்குப் பழக்கியே ஆக வேண்டும், அதற்கு இரண்டு நாள் லீவு செலவழித்தாலும் வீணல்ல. தலைமாடு 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். மூக்கருகில் குழாயில் போட்ட குறி நகர்ந்திருந்தாலோ ஆள் இருமினாலோ ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. முன்னும் பின்னும் 30 மில்லிலீட்டர் தண்ணீர், முடிந்து அரை மணித்தியாலமாவது நிமிர்ந்த இருப்பு. அடைப்பு வருவது பெரும்பாலும் வடிகட்டாத கஞ்சியாலும் சரியாகத் தூளாக்காத குளிசையாலும்தான். மெல்லிய துணியில் இரண்டு தடவை வடியுங்கள், அடைத்தால் இளஞ்சூட்டுத் தண்ணீர். மெதுவாகக் கரையும் மோர்ஃபின் குளிசையை ஒருபோதும் இடித்துக் கரைக்காதீர்கள், பன்னிரண்டு மணித்தியாலத்து மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். திரவ மோர்ஃபின் எழுதித் தரக் கேளுங்கள், கூடவே மலமிளக்கியும்.

வேலைக்குப் போகும் வீட்டுக்கேயுரிய இன்னொரு பிழை சமையலில். விடிய ஐந்து மணிக்குச் சமைத்து, சோற்றையும் பருப்பையும் மேசையில் மூடி வைத்துவிட்டுப் போவோம், அம்மா ஒரு மணிக்குச் சாப்பிடுவார். கொழும்புச் சூட்டில் எட்டு மணித்தியாலம். இளஞ்சூட்டுச் சோற்றில் பெருகும் கிருமிக்கு வெள்ளணு குறைந்த வயிறு ஈடுகொடுக்காது. சமைத்த இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும், சாப்பிடும்போது ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். இல்லையென்றால் கொதிக்கக் கொதிக்க வாயகன்ற பிளாஸ்கில் போடுங்கள். கடைத் தேங்காய்ச் சம்பல், வெட்டி வைத்த பழம், சோட் ஈட்ஸ் அந்த இரண்டாம் வாரத்தில் வேண்டாம். கீமோவுக்குப் பின் 48 மணித்தியாலம் கழிவறையை மூடிபோட்டு இரண்டு தடவை ஃபிளஷ் பண்ணுவதையும், சத்தி பட்ட துணியைக் கையுறையோடு தனியாகத் தோய்ப்பதையும் பகலில் நிற்பவரிடம் சொல்லி வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்கள் காசு அனுப்புவார்கள், இரவு பதினொரு மணிக்கு எடுத்து முழுக்கதையும் கேட்பார்கள். அந்த அழைப்புத்தான் பலருடைய நித்திரையைக் கெடுக்கிறது. அவர்களுக்கு வேலை கொடுங்கள். டொரொண்டோவில் கோடையில் இரவு 8 மணி என்றால் இங்கே விடிய 5.30. அம்மாவை எழுப்பிக் குளிசை எடுக்க வைக்கும் அழைப்பை அங்கிருப்பவர் எடுக்கலாம். ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கும் வேலை, சனல் நம்பர் போடும் வேலை, பிக்மி அப்பில் வாகனம் புக் பண்ணும் வேலை எல்லாம் லண்டனில் இருந்தே முடியும். நீங்கள் நாளுக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ், எல்லோருக்கும் ஒரே குரூப்பில், அவ்வளவுதான்.

பெற்றோர் யாழ்ப்பாணத்தில், நீங்கள் கொழும்பில் என்றால் இங்கே கூட்டி வருவதுதான் அன்பு என்று நினைத்துவிடாதீர்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது, மட்டக்களப்பிலும் பதுளையிலும் கண்டியிலும் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. ஊரில் சித்தி இருக்கிறார், மொழி இருக்கிறது, முற்றம் இருக்கிறது. கொழும்பில் மூன்றாம் மாடி அனெக்ஸில் அம்மா பகல் முழுக்கத் தனியாகக் கிடப்பார். நிபுணர் மஹரகமதான் வேண்டும் என்று சொன்னாலொழிய, ஊரில் சிகிச்சை, நாலாம் ஐந்தாம் நாளுக்கு நீங்கள் பஸ் ஏறிப் போவது என்பதே வேலையையும் அம்மாவையும் சேர்த்துக் காப்பாற்றும் வழியாக இருக்கும்.

பகலில் வீட்டில் நிற்க ஆள் எடுத்திருந்தால் கலண்டரை இப்போதே பாருங்கள். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் அவர் ஹட்டன் பக்கம் ஊருக்குப் போவார், ஒரு வாரத்துக்குத் திரும்ப மாட்டார். போயா நாளிலும் அரச விடுமுறையிலும் கிளினிக் நடக்காது, அதனால் உங்களுக்குக் கிடைக்கும் விடுமுறை சிகிச்சைக்கு உதவாது, ஏப்ரல் கீமோ முன்னுக்கோ பின்னுக்கோ நகரும். அது எந்தப் பக்கம் நகர்கிறது, அதன் எட்டாம் நாளும் பதினாலாம் நாளும் எங்கே விழுகின்றன என்று மார்ச் மாதமே கிளினிக்கில் கேட்டு, அந்த வாரத்துக்கு இரண்டு நாள் லீவை இப்போதே ஒதுக்கி வையுங்கள். ஓட்டோக்காரரும் ஊருக்குப் போவார், அவரிடமும் கேளுங்கள்.